மேடைத்தமிழ்

மேடைத்தமிழ் என்பது, பொதுவெளியில் திரண்ட கூட்டத்தை நோக்கித் தனியொருவர் தமிழில் நிகழ்த்தும் பேச்சையும் அதற்கென உருவான நடையையும் குறிக்கும். இது தொன்மையான கலை என்று பலரும் கருதுகின்றனர். சொல்திறம் தமிழில் தொன்மையானதுதான். சாதி, கல்வி, பால் பாராமல் வந்து நிற்கும் கூட்டத்தை ஒருவர் தமிழில் விளித்துப் பேசும் வழக்கமோ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலத்தில் வளர்ந்தது. யார் பேசலாம், யார் கேட்கலாம் என்ற வரம்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததே இதன் வரலாறு.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் பேச்சைப் பற்றியவை. அங்கே 'அவை' என்பது அமைச்சரும் கற்றோரும் கூடிய சபை. கேட்பவர் தகுதியை அறிந்து பேசுவதே அங்கு முதல் இலக்கணம். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. மகத மன்னன் கரிகாலனுக்கு அளித்த பொருள்களுள் ஒன்றாகச் சிலம்பு அதைச் சொல்கிறது. மணிமேகலை காட்டுவது சமயவாதிகள் ஏறி வாதிடும் இடம். பிற்காலத்தில் கோயில்களில் நடந்த புராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். பேசுபவர் நூலின் வரிசையை விட்டு விலகுவதில்லை. எதைப் பேசுவது என்ற தேர்வு அவரிடம் இல்லை.

அந்தத் தேர்வைப் பேச்சாளரின் கையில் கொடுத்த வடிவம் பிரசங்கம். சீர்திருத்தக் கிறித்தவ மிஷனரிகள் தேவாலயத்திலும் தெருவிலும் அதை நிகழ்த்தினர். ஒரு பொருளை எடுத்து, கூறு கூறாக விளக்கி, கேட்பவரை மனம் மாறச் சொல்லி முடிப்பது அதன் அமைப்பு. இதைத் தமிழ்ச் சைவத்துக்குள் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். பிரசங்கத்தின் ஆற்றலை அருகிலிருந்தே கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் அளித்தது. எந்த மதத்தை எதிர்த்தாரோ அந்த மதத்தின் பேச்சு வடிவத்தையே அவர் எடுத்து ஆண்டார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததைப் பேசுவோர் மிகுதி. மேடைக்குச் செய்ததும் அதற்குக் குறைந்ததன்று. ஆனாலும் அவருடைய கூட்டம் கோயிலுக்குள் நுழைய முடிந்தவர்களின் கூட்டமாகவே இருந்தது.

அரசியல் கூட்டங்கள் முதலில் ஆங்கிலத்தில் நடந்தன. 1907இல் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்த வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் பேச்சும் ஆங்கிலப் பேச்சே. திருப்பம் தூத்துக்குடியில் நிகழ்ந்தது. 1908 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் தமிழில் பேசினர். கேட்டவர்களில் கோரல் மில் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். பேச்சின் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. பிப்ரவரி இறுதியில் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. காவல்துறையினர் இருவரின் பேச்சுகளையும் குறிப்பெடுத்தனர். அந்தக் குறிப்புகளே பின்னர் ராஜத்துரோக வழக்கில் சான்றாயின. தமிழ்ப் பேச்சின் வலிமையை முதலில் சரியாக எடைபோட்டது தண்டனை விதித்த அரசுதான் எனலாம்.

சென்னையில் இந்த வழியை நிலைப்படுத்தியவர் திரு. வி. கலியாணசுந்தரனார் (1883–1953). 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்களில் அவருடைய தமிழ் ஆலைத் தொழிலாளர்களைச் சென்றடைந்தது. வடசொல்லும் ஆங்கிலமும் மண்டியிருந்த மேடைமொழியை அவர் தெளிந்த தமிழாக்கினார். பொதுக்கூட்டத்துக்குரிய சொற்களும் மெல்ல மெல்ல வழக்கில் நிலைத்தன. பிரசங்கமும் உபந்நியாசமும் 'சொற்பொழிவு' ஆயின. ஆங்கிலேயர் கூட்டமுறையிலிருந்து வந்த சடங்குகள் முன்மொழிதல், வழிமொழிதல், தலைமையுரை, நன்றியுரை என்று பெயர் பெற்றன.

1925இல் காஞ்சிபுரத்தில் திரு. வி. க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி வெளியேறினார். அவர் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மேடையை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சென்றது. பெரியாரின் நடை அலங்காரமற்றது. வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார், கேள்விகளுக்கு விடை சொல்வார், தாம் சொல்வதை அப்படியே நம்பாமல் சிந்தித்துப் பார்க்கச் சொல்வார். கேட்பவரைச் சமமாக நடத்திய அந்தப் பேச்சே இத்துறையின் உச்சம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதே இயக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை மேடையேற்றியது. தேவதாசி முறைக்குள் வாழ்ந்தவர், அம்முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் அவர் சென்றார். வழிநெடுகப் பொதுக்கூட்டங்கள் நடந்தன.

அதே இயக்கத்தில் வளர்ந்த சி. என். அண்ணாதுரையின் நடை வேறு. அடுக்குமொழி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பெயரே நினைவுக்கு வரும். எதுகை மோனையோடு இணைத்தொடர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கைத்தட்டல் எழும் இடத்தில் நிறுத்துவது அதன் உத்தி. 'வயலில் இறங்கியவனுக்கு வறுமை, வரப்பில் நின்றவனுக்கு வளமை' என்பது போன்ற அமைப்பு அது. இலக்கியத் தமிழை எழுத்தறியாதவரும் காதால் சுவைக்க முடிந்தது. அத்தமிழ் தமக்கும் உரியது என்ற உணர்வு அவர்களிடம் பிறந்தது. 1943இல் கம்பராமாயணத்தை எரிப்பது குறித்து அவர் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் நிகழ்த்திய வாதங்கள் 'தீ பரவட்டும்' என்ற நூலாயின. தமிழ்ப் பேராசிரியரும் கட்சிப் பேச்சாளரும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்ற நிகழ்வுகள் அவை. அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் அடுக்கை எடுத்துக்கொண்டு அதற்கு அடியிலிருந்த வாதத்தை விட்டுவிட்டனர்.

பேச்சைத் தொடங்கும் விளியிலும் உறவு குடியேறியது. 'மகா ஜனங்களே' என்பது 'பெரியோர்களே, தாய்மார்களே' ஆகி, மு. கருணாநிதியிடம் 'உடன்பிறப்புகளே' ஆனது. மேடையில் இருப்போர் ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி 'அவர்களே' என விளிக்கும் பட்டியலோ ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. முன்னணிப் பேச்சாளர் கடைசியில் பேசுவது மரபு. அதுவரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்தவர்கள் உள்ளூர்ப் பேச்சாளர்களும், நாகூர் ஹனிபா போன்ற பாடகர்களும்.

இலக்கிய மேடை தனிக்கிளையாக வளர்ந்தது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பழைய சொல்லான பட்டிமண்டபம் நடுவர், இரு அணிகள், தீர்ப்பு என்ற இன்றைய வடிவில் பரவியதில் கம்பன் விழாக்களுக்குப் பெரும் பங்குண்டு. குன்றக்குடி அடிகளார் அதன் புகழ்பெற்ற நடுவர்களில் ஒருவர். காப்பிய மாந்தரிலிருந்து குடும்பச் சிக்கல்களுக்குத் தலைப்புகள் நகர்ந்தபின், சாலமன் பாப்பையா மதுரைப் பேச்சுத்தமிழில் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு சென்றார். பொங்கல், தீபாவளி நாள்களில் பட்டிமன்றம் பார்ப்பது வீடுகளில் வழக்கமாகியது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.