சுவரில் இல்லாத முகங்கள்

நெகிரி செம்பிலான் தோட்ட லயங்களில் சுவரே சரித்திரப் புத்தகமாயிருந்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம் பரவச் செய்த வகைத் தெய்வப்படங்கள் அதில் இடம்பெற்றன. காந்தியடிகளும், 1943க்குப் பின் நேதாஜியும் வந்து சேர்ந்தனர். பால்மரம் வெட்டிய நம் முன்னோர் எங்கே?

சிரம்பான் பட்டணத்துப் புகைப்படக் கடைக்கு அவர்தம் கூலி எட்டவில்லை. 1948இல் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் யாவர்க்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயமாயிற்று. சர்க்கார் சந்தேகக் கண்ணோடு எடுப்பித்த அப்படமே பலர்க்கு வாழ்நாளின் முதற்படம்!

அதற்கு ஐந்தாண்டு முன்னரே, சயாம்–பர்மா ரயில் பாதையின் 415 கிலோமீட்டர் நெடுகிலும் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மாண்டொழிந்தனர். 1942, 1943இல் ஜப்பானியர் கொண்டுசென்ற அவர்களிற் பெரும்பாலோர்க்கு அந்த ஒரு படமும் வாய்க்கவில்லை.

இல்லத்தில் படச்சுவர் அமைக்கும் அன்பர்களே! பழைய அட்டைப் படம் கிடைப்பின், அதைப் பிரதியெடுத்துப் பெரிதாக்கி நடுவிலே மாட்டுங்கள். பின்புறம் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். படமில்லாதார்க்குப் பெயரையேனும் எழுதிச் சட்டமிடுங்கள். சயாம் சென்று மீளாத நம் கொள்ளுப்பாட்டனார்க்கு நாம் அவ்வாறே செய்துள்ளோம். வீட்டிற்கு வருவோர், "இவர் யார்?" என்று கேட்கின்றனர், நம் பிள்ளைகள் விடை சொல்லுகின்றனர்.