பிழைக்க வந்த ரெண்டு பேர்

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து பதினாறு வயசுப் பொடியன் ஒருவன் கோப்பித் தோட்ட வேலைக்கு இலங்கை வந்தான். பெயர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, பெரிய 'துரை' ஆனார்.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் சனம் பிழைக்க வந்தது. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்களுக்குப் பயணச் செலவே கடன். கடனைக் கட்டினால் விடுவிப்பேன் என்று துரை 'துண்டு' எழுதித் தராமல் வேறு தோட்டத்துக்குப் போக ஏலாது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

டெய்லர் 1892இல் இங்கேயே இறந்தார். கண்டி மஹையாவையில் கல்லறை இருக்கிறது. அவரை 'இலங்கைத் தேயிலையின் தந்தை' என்கிறோம். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளையோ 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அதில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை.

ரெண்டு தரப்பும் கடல் கடந்து பிழைக்கத்தான் வந்தது. ஒருவருக்குத் துரை என்று பேர், மற்றவருக்குக் கூலி என்று பேர். இண்டைக்கும் வெள்ளைக்காரர் வெளிநாட்டில் உழைத்தால் 'எக்ஸ்பட்', எங்கட ஆக்கள் போனால் 'வந்தேறி'. அந்தப் பேரை வைக்கிறது யார் என்று கேட்டுப் பாருங்கோ.