நின்ற பிறகும் ஆறாத சூடு

டீசல் வண்டியின் என்ஜினை நிறுத்திய பிறகு சைலன்சரிலும் அதைச் சேர்ந்த புகைச் சுத்திகரிப்பு உறுப்புகளிலும் சூடு தங்கிவிடும். அதை ஆற்றும் வேலையை இன்று பெருமளவு வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் வண்டியின் சூட்டை ஆற்றியது கிளீனர் கையிலிருந்த தண்ணீர் வாளி. பிறகு பல ஆண்டுகள் சூட்டை ஆற்றுவது ஓட்டுநரின் பழக்கமாக இருந்தது. இந்த மாற்றம் முழுவதையும் ஒரே சாலையில் வைத்துப் பார்க்க உகந்த ஊர், தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்திலுள்ள கெங்குவார்பட்டி. திண்டுக்கல்–குமுளி சாலையில், கொடைக்கானல் மலையின் காலடியில் உள்ள பேரூராட்சி இது. மலைச்சாலை பிரியும் காட்ரோடு இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் பெரியகுளத்து மாம்பழமும் ஏற்றிய லோடு வண்டிகள் ஊர் வழியே போக, சுற்றுலா வண்டிகளும் பேருந்துகளும் இங்கிருந்து மலையேறுகின்றன.

மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானல் போகிறவர்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோ மலையேறினார்கள். மேஜர் லாவின் பெயரால் வழங்கும் காட் சாலை 19ஆம் நூற்றாண்டிலேயே திட்டமிடப்பட்டாலும், முதல் உலகப்போர்க் காலத்தில்தான் மோட்டார் வண்டிக்குத் திறந்தது. அடிவாரத்திலிருந்து கொடைக்கானலின் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தை எட்ட சுமார் 50 கிலோமீட்டர் விடாமல் ஏற வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு இந்த ஏற்றம் பெரும் சோதனை. ஃபோர்டு மாடல் டி காரில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பே கிடையாது, மிகத் தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர. என்ஜினைச் சுற்றிச் சூடான நீர் தானாக மேலெழும்பி ரேடியேட்டருக்குப் போகும்; அங்கே ஆறிய நீர் கனத்து, கீழ்வழியாக என்ஜினுக்குத் திரும்பும். பம்பு வைத்த வண்டிகளிலும் ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்கும் வகையாக இல்லை. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர் கொடைக்கானல் உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற ஏற என்ஜின் சூடாகிறது. அதே நேரத்தில் நீரின் கொதிநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே வழியில் நிறுத்தி நீர் ஊற்றுவது அன்றைய பயணத்தின் ஓர் அங்கம். அதற்கும் முறை உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த நீரை ஒரேயடியாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு ஹெட் வெடித்துவிடும். என்ஜினை மெதுவாக ஓடவிட்டபடியே, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ‘ஓடவிட்டு ஆற்று’ என்ற பாடம் இங்கே தொடங்குகிறது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, நிறுத்திய பிறகும் சூடு ஆறாத வண்டி ஒன்று சாலைக்கு வந்தது. அதுதான் கரி கேஸ் பஸ். மதுரையில் 1912இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், கரியிலிருந்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டை வடிவமைத்து உற்பத்தி செய்தது. உருளை வடிவக் கலனில் அடுப்புக்கரி எரியும். உள்ளே போகும் காற்று குறைவு என்பதால் முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளிவரும். அடுப்பின் நடுப்பகுதி 1,000 டிகிரியைத் தாண்டும். அந்த வாயுவைக் குழாய்களில் ஆறவிட்டு, வடிகட்டியில் சாம்பல் நீக்கி, பிறகே என்ஜினுக்குள் விடுவார்கள். சூடான வாயு விரிந்து கிடப்பதால் ஒரு மிடறு உறிஞ்சலில் கிடைக்கும் எரிபொருள் குறையும். பெட்ரோலைவிட ஏற்கெனவே குறைவான திறன் இன்னும் விழும்.

இந்த வண்டியை நிறுத்துவதில்தான் உண்மையான சிரமம் இருந்தது. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் எரிதல் முடிந்துவிடும். இங்கே என்ஜின் நின்றாலும் கரி கனன்றுகொண்டே இருக்கும், வாயுவும் உண்டாகிக்கொண்டே இருக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு மூடிய கொட்டகையில் தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். எனவே காற்று வழிகளை அடைத்து, திறந்த வெளியில் நிறுத்தி, நெருப்பு தானாக அவியக் காத்திருக்க வேண்டும். என்ஜின் நின்ற பிறகு ஒரு துணைக்கருவியைத் தனியாக ஆற்ற வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சாலைகளில் முதலில் வந்தது இப்படித்தான். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரிக்கலன்கள் கழற்றப்பட்டன. இன்று அவற்றை நினைப்பவர்களே அரிது.

1950களில் அசோக் லேலண்டின் காமெட்டும் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரியும் வந்தபின் டீசல் காலம் நிலைத்தது. மதுரைப் பகுதிப் பேருந்துகள் அரசுடைமையாகி, 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அன்றைய டீசல் வண்டியின் சைலன்சர் வெறும் இரும்புக்கூடு. அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பதால் மீந்த சூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

டர்போ வந்தபின் நிலைமை மாறியது. ஏற்றத்தில் வெளிவரும் சூடான புகை டர்பைனைச் சுழற்றும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடக்கூடும். அதைத் தாங்கி நிற்பது என்ஜின் ஆயிலின் மெல்லிய படலம். மலையேறிய சூட்டோடு என்ஜினை ஆஃப் செய்தால் ஆயில் பம்பு நின்றுவிடும்; பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று நிமிடம் ‘ஸ்லோவில் விட்டு ஆஃப் பண்ணு’ என்று மூத்த ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காரணம் சொல்லாமல் பழக்கத்தை மட்டும் கைமாற்றியது ஒரு குறை. டீசலை வீணாக்கும் வேலை என்று நினைத்தவர்கள் அதை எளிதில் கைவிட்டார்கள்.

புகை விதிகள் கடுமையானபோது சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு வேதியியல் கூடமே வந்து அமர்ந்தது. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலிலும், 5ஆம் கட்டத்தைத் தாண்டி நேரடியாகப் பாரத் ஸ்டேஜ் 6, 2020 ஏப்ரல் 1ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தன. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்ற வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க எஸ்சிஆர் என்ற வினையூக்கியும் கனரக டீசல் வண்டிகளில் வழக்கமாயின. எஸ்சிஆருக்குத் தேவையான அம்மோனியா, ஆட்ப்ளூ என்று பெட்ரோல் பங்குகளில் விற்கும் யூரியாக் கரைசலிலிருந்து கிடைக்கிறது. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தூய நீர்.

இந்தக் கரைசலைப் புகைக்குழாய்க்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான் இந்த அமைப்பிலேயே சூட்டுக்கு மிகவும் இளைத்த உறுப்பு. வண்டி ஓடும்போது அதன் மூக்கு பல நூறு டிகிரிப் புகையில் நீட்டிக்கொண்டிருந்தாலும், உள்ளே பாயும் கரைசலும் சுற்றி ஓடும் என்ஜின் கூலன்ட்டும் அதைக் காப்பாற்றுகின்றன. என்ஜின் நின்ற நொடியில் இரண்டும் நின்றுவிடும். ஆனால் வினையூக்கியும் குழாயும், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காய்ந்துகொண்டிருப்பதுபோல, சூட்டை வைத்திருந்து இன்ஜெக்டர் பக்கம் திருப்பி அனுப்பும். எனவே ஓடும்போது இருந்ததைவிட நின்ற பிறகு அதன் வெப்பநிலை கூடுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் கரைசலின் நீர் ஆவியாகி, யூரியா வெள்ளையாகப் படியும். 133 டிகிரியில் உருகி, மேலும் சூடேறினால் பையூரெட், சயனூரிக் அமிலம் என்று கெட்டியான பொருள்களாக மாறும். துளை அடைபடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, பல வண்டிகளில் உள்ள பின்னுறிஞ்சல். சாவியை எடுத்த பிறகு பம்பு எதிர்த்திசையில் ஓடி, குழாயிலுள்ள கரைசலைத் தொட்டிக்கே இழுத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் ஒன்றிரண்டு நிமிடம் கேட்கும் முனகல் அதுதான். மற்றொன்று, இன்ஜெக்டரைச் சுற்றிக் கூலன்ட்டை ஓடவைப்பது. சில வடிவமைப்புகளில் இதற்குச் சிறு மின்பம்பு உண்டு. வேறு சிலவற்றில் பம்பே இல்லை. கூலன்ட் தொட்டியை உயரத்தில் வைத்துவிட்டால் சூடானது மேலே போய், குளிர்ந்தது கீழே இறங்கும். மாடல் டி காரின் ரேடியேட்டரில் வேலை செய்த அதே விதி, நூறாண்டு கழித்து யூரியா இன்ஜெக்டருக்குக் காவலாக வந்திருக்கிறது.

இங்கேதான் பழைய பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் என்ஜினை நிறுத்திய கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். தீ விபத்தைத் தவிர்க்கவும் பேட்டரி இறங்காமலிருக்கவும் வந்த நல்ல பழக்கம்தான். ஆனால் மின்சாரம் போனால் பின்னுறிஞ்சல் பாதியில் நிற்கும், மின்பம்பும் ஓடாது. அந்த முனகல் அடங்கும்வரை சுவிட்சைத் தொடாமலிருப்பது புதிதாகக் கற்க வேண்டிய ஒழுங்கு.

மலைச்சாலையில் ஏற்றமும் இறக்கமும் இந்த உறுப்புகளை நேரெதிராக நடத்துகின்றன. ஏறி முடித்து மேலே நிறுத்தும் வண்டியில்தான் மீந்த சூடு மிக அதிகம். சில நிமிடம் ஸ்லோவில் விட வேண்டியது அங்கேதான். கெங்குவார்பட்டிப் பக்கம் இறங்கி வரும் வண்டியில் கொதிப்பது பிரேக் டிரம். ஆக்சிலேட்டரை மிதிக்காத இறக்கத்தில் என்ஜின் வழியே வெறும் காற்றே போவதால் சைலன்சர் குளிர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 200 டிகிரிக்குக் கீழே யூரியா பீய்ச்சப்படுவதில்லை. வடிகட்டியிலும் கரி எரியாது.

அப்படிச் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷனின்போது டிபிஎஃப் 550 முதல் 650 டிகிரி வரை போகும். என்ஜினை நிறுத்தினாலும் உடனே ஆறாது. கோடையில் பெரியகுளம் வட்டாரத்து மாந்தோப்பு ஓரங்கள் காய்ந்த புல்லும் சருகுமாகக் கிடக்கும்; அதன்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. டேஷ்போர்டில் புகைக்குழாய்ச் சூட்டு விளக்கு எரிந்தால் தார்ச்சாலை ஓரத்திலோ சரளைத் தரையிலோ நிறுத்தி, ரீஜெனரேஷன் முடிந்து விளக்கு அணையும்வரை என்ஜினை ஓடவிட வேண்டும். அதன் பிறகே சாவி, கடைசியில் கட்-ஆஃப்.