சேர்ப்பவர் நீக்கவும் வேண்டும்: ஆஸ்கர் பரிந்துரைகளைத் திருத்தும் ரசிகர் மரபு

என்றோ முடிந்துபோன ஓர் ஆண்டின் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலை எடுத்து, இவர் இடத்தில் அவர் இருந்திருக்க வேண்டும், இந்தப் படத்தின் இடத்தில் அந்தப் படம் இருந்திருக்க வேண்டும் என்று திருத்தி எழுதுவது அமெரிக்க சினிமா ரசிகர்களிடம் நெடுநாளாக உள்ள பழக்கம். விமர்சகர் டேனி பியரி 1993இல் 'ஆல்டர்நேட் ஆஸ்கர்ஸ்' என்ற தலைப்பில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்றைய ரசனையை நேற்றின்மேல் ஏற்றும் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு இந்த மரபின் மோசமான மாதிரிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் வாதம். ஒரு பெயரைச் சேர்ப்பவர் இன்னொரு பெயரை நீக்கியாக வேண்டும், நீக்கியதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால், ரசிகரின் திருத்தம் முறையான வரலாற்று விமர்சனமாகவே செயல்படுகிறது.

பட்டியலைத் திருத்தும் வேட்கை ஆஸ்கர் வழங்கும் அகாதெமிக்குள்ளேயே பிறந்தது. 1934ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகை பரிந்துரையில் கிளாடெட் கோல்பெர்ட், கிரேஸ் மூர், நார்மா ஷீரர் ஆகிய மூவர் மட்டுமே இடம்பெற்றனர். 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் நடித்த பெட்டி டேவிஸ் விடுபட்டதற்கு ஹாலிவுட்டிலேயே கண்டனம் வலுத்தது. பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதலாம் என்று அகாதெமி இறங்கிவந்தது. ஆனாலும் கோல்பெர்ட்தான் வென்றார். அடுத்த ஆண்டு 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' படத்தின் ஒளிப்பதிவாளர் ஹால் மோர், பரிந்துரையே பெறாமல், வாக்காளர்கள் தாமாக எழுதிய பெயரால் விருது பெற்றார். அதன்பின் அந்த வழி அடைக்கப்பட்டது. மோர் வென்ற அதே ஆண்டு 'டேஞ்சரஸ்' படத்துக்காக டேவிஸுக்கும் விருது கிடைத்தது. முந்தைய ஆண்டின் கடனை அடைக்கக் கொடுத்த விருது என்றே அது பரவலாகப் பேசப்படுகிறது. ஓர் ஆண்டில் செய்த தவறை வேறோர் ஆண்டின் இடத்தைக் கொடுத்து ஈடுகட்டினால், அந்த இரண்டாம் ஆண்டில் யாரோ ஒருவருக்கு உரிய இடம் பறிபோகிறது. ரசிகர்களின் திருத்தத்தில் நான் மதிப்பது இதைத்தான்: நல்ல திருத்தக்காரர் பழைய கடனைக் கணக்கில் எடுப்பதில்லை, அந்த ஆண்டின் படங்களோடு மட்டுமே பேசுகிறார்.

அகாதெமி தன் ஏடுகளைத் தானே திருத்திய சந்தர்ப்பங்களும் உண்டு. கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கறுப்புப் பட்டியலால் பெயர் மறைத்து எழுதிய திரைக்கதையாசிரியர் டால்டன் ட்ரம்போவுக்கு, 1956ஆம் ஆண்டின் 'தி பிரேவ் ஒன்' படத்துக்குரிய விருது 1975இல்தான் கையில் கிடைத்தது. 'ரோமன் ஹாலிடே' கதைக்குரிய விருது அவர் இறந்தபின் 1993இல் வந்தது. ஆகவே, முடிந்த தீர்ப்பைத் தொடக்கூடாது என்று ரசிகர்களிடம் சொல்லும் தகுதி அகாதெமிக்கே இல்லை.

வென்றவரைப் பற்றிய சண்டையைவிடப் பரிந்துரையைப் பற்றிய விவாதம் ஆழமானது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்றைய முறையில் நடிகர்களை நடிகர்களும் இயக்குநர்களை இயக்குநர்களும் பரிந்துரைக்கிறார்கள். இறுதி வாக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. பரிந்துரை என்பது தொழில் தெரிந்தவர்கள் சக தொழிலாளிக்கு எழுதிக்கொடுக்கும் சான்று. அதை மறுப்பவர் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது.

1958ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' பெற்ற பரிந்துரைகள் இரண்டே: கலை இயக்கம், ஒலி. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' ஒன்றும் பெறவில்லை. 'ஜிஜி' ஒன்பது பரிந்துரைகள் பெற்று ஒன்பதிலும் வென்றது. 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் 'வெர்டிகோ' முதலிடம் பிடித்ததிலிருந்து, 1958ஐத் திருத்துவது எளிய வேலையாகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஹிட்ச்காக், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கிம் நோவாக், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் நீக்க வேண்டியது யாரை என்று கேட்டதுமே வேலை கடினமாகிறது.

இசையில் சிக்கல் குறைவு. டிஸ்னியின் இயற்கை ஆவணப்படமான 'ஒயிட் வில்டர்னஸ்' விட்டுக்கொடுக்கும் இடத்தில் ஹெர்மன் அமரலாம். ஜெரோம் மோராஸின் 'தி பிக் கன்ட்ரி' இசையைத் தொட எனக்கு மனம் வராது. இயக்கத்தில் மார்க் ராப்சனின் 'தி இன் ஆஃப் த சிக்ஸ்த் ஹேப்பினஸ்' பெற்ற இடத்தை ஹிட்ச்காக்குக்குத் தரலாம். முடிச்சு விழுவது நடிகர் பிரிவில். டேவிட் நிவன், டோனி கர்ட்டிஸ், சிட்னி பாய்ட்டியர், பால் நியூமன், ஸ்பென்சர் டிரேசி ஆகியோர் அந்த ஐவர். கறுப்பின ஆண் ஒருவர் முதன்மை நடிகர் பிரிவில் பரிந்துரை பெற்றது பாய்ட்டியரின் அந்தப் பெயரால்தான் முதன்முறை நிகழ்ந்தது. அவரை நீக்கும் திருத்தம் ஒரு நடிப்பை மட்டும் நீக்குவதில்லை. வரலாற்றை மறந்து நடிப்பை மட்டும் பார்த்தாலும் எனக்கு அதே விடைதான் கிடைக்கிறது. 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் அவரும் கர்ட்டிஸும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்டுத் தப்பியோடும் கைதிகள். ஒருவரின் அசைவு மற்றவரின் உடம்பில் பதிலாக எழுகிறது. ஒருவரை வைத்து ஒருவரை எடுத்தால் அந்த நடிப்பின் இலக்கணமே குலைந்துவிடும். நடிகர்களான வாக்காளர்கள் இருவரையும் சேர்த்தே பரிந்துரைத்தது கூர்மையான தீர்ப்பு.

அப்படியானால் ஸ்டூவர்ட்டுக்கு இடம் எங்கே? 'செபரேட் டேபிள்ஸ்' படத்தில் பொய்யான பழம்பெருமை பேசும் ஓய்வுபெற்ற மேஜராக வரும் நிவன், படத்தின் நேரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு மட்டுமே திரையில் இருக்கிறார். பல கதாபாத்திரங்கள் இடம் பகிர்ந்துகொள்ளும் விடுதிக் கதை அது. அவரைத் துணை நடிகர் பிரிவுக்கு மாற்றுவதே நியாயம் என்பேன். மாற்றினால் அங்கிருக்கும் ஐவரில் ஒருவர் வெளியேற வேண்டும். பர்ல் ஐவ்ஸ், தியடோர் பிக்கெல், லீ ஜே. காப், ஆர்தர் கென்னடி, கிக் யங். 'டீச்சர்ஸ் பெட்' நகைச்சுவையில் நடித்த கிக் யங்கை நீக்க முதலில் கை போகும். நகைச்சுவை நடிப்பை இலேசாக எண்ணும் அகாதெமியின் பழைய பழக்கத்துக்கு அப்போது நாமும் துணைபோகிறோம். தயங்கித் தயங்கி நான் காப்பை நீக்குவேன். 'தி பிரதர்ஸ் கரமசோவ்' படத்தில் தந்தையாக அவர் காட்டும் உரத்த வேகம் காட்சிக்குக் காட்சி மாறாமல் நிற்கிறது. ஒரு பெயரைச் சேர்க்கப் போனவர் மூன்று படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. உலகின் தலைசிறந்த படங்கள் என்ற வகைப் பட்டியல்கள் எவரிடமும் இந்த உழைப்பைக் கேட்பதில்லை. அவை படத்தை அதன் காலத்திலிருந்து பிடுங்கி எடுக்கின்றன. அங்கே 'வெர்டிகோ'வுக்குப் பக்கத்தில் 'சிட்டிசன் கேன்' நிற்கும். 'டீச்சர்ஸ் பெட்' நிற்காது.

பிரிவுகளின் எல்லை பற்றிய இந்தக் குழப்பமும் பழையது. 'கோயிங் மை வே' படத்தில் ஒரே வேடத்துக்காக பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 1944இல் முதன்மை நடிகர், துணை நடிகர் என இரு பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றார். அதன்பின் விதி மாற்றப்பட்டது.

நாட்காட்டியும் பலரை இடறிவிடுகிறது. பெரும்பாலான பிரிவுகளில் எந்த ஆண்டுப் படம் என்பதை நெடுங்காலம் முடிவுசெய்தது, அது லாஸ் ஏஞ்சலஸ் திரையரங்குக்கு வந்த ஆண்டு. 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' 1966க்கான வெளிநாட்டுப் படப் பிரிவில் பரிந்துரை பெற்றது. அதே படத்துக்காக ஜில்லோ பொன்டெகோர்வோ 1968க்கான இயக்குநர் பிரிவிலும் பரிந்துரை பெற்றார். இதை அறியாமல் அவரை 1968இலிருந்து நீக்குபவர் பிழை செய்கிறார். 1972இன் இசைப் பிரிவு இன்னும் விசித்திரம். 'காட்ஃபாதர்' இசையின் ஒரு பகுதியை நீனோ ரோட்டா முன்பே 'ஃபோர்ச்சுனெல்லா' என்ற இத்தாலியப் படத்தில் பயன்படுத்தியிருந்தார் என்று தெரியவந்ததும், அவர் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு வென்றது சாப்ளினின் 'லைம்லைட்'. 1952இல் எடுத்த படம், லாஸ் ஏஞ்சலஸில் திரையிடப்படாமலே இருந்து, இருபது ஆண்டு தாமதமாகத் தகுதி பெற்றது. ரோட்டாவைத் திரும்பச் சேர்க்க விரும்பும் ரசிகர் தகுதி விதி எதைக் காக்கிறது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். புதிதாக எழுதிய இசையைத் தனியே மதிக்கும் விதி சரியானதே என்று நான் நினைக்கிறேன். ரோட்டாவின் மெட்டுகள்மேல் எனக்குள்ள பிரியம் அதை மாற்றவில்லை.

பின்னறிவால் பேசுகிறார்கள் என்ற மறுப்புக்கு வருகிறேன். திருத்தங்கள் பலவற்றுக்கு அந்தந்தக் காலத்திலேயே சாட்சி இருந்தது. 1958இலேயே 'வெர்டிகோ'வுக்காக ஸ்டூவர்ட் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் விழாவில் நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 1989இன் சிறந்த படப் பரிந்துரையில் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' இல்லாததை, அந்த விருது மேடையிலேயே நின்று கிம் பேசிங்கர் சொன்னார். வென்றது 'டிரைவிங் மிஸ் டெய்சி'. இன்றைய ரசிகர் 1989ஐத் திருத்தும்போது, அன்று ஒலித்துப் பெரும்பான்மை பெறாத ஒரு குரலை எடுத்துப் பேசுகிறார். இத்தகைய சமகாலச் சாட்சியைத் தேடாமல், பிற்காலப் புகழை மட்டும் நம்பி எழுதும் திருத்தங்கள் எல்லாம் ஒரே முகமாக முடிகின்றன. ஹிட்ச்காக், வெல்ஸ், குப்ரிக் என்று எந்த ஆண்டிலும் அதே பெயர்கள். அங்கே மறுப்பாளர்களின் குற்றச்சாட்டு முழுக்கச் சரி.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த விவாதத்தில் நேரடிப் பங்கு தரும் ஆண்டு 1987. இந்தியா அந்த ஆண்டு வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பியது மணிரத்னத்தின் 'நாயகன்', பரிந்துரை கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். யார் இடத்தில் என்று சொல்வதில்லை. அன்றைய ஐந்து படங்கள்: வென்ற டென்மார்க்கின் 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்', லூயி மாலின் 'ஒ ருவார் லே ஸான்ஃபான்', எத்தோரே ஸ்கோலாவின் 'தி ஃபேமிலி', ஸ்பெயினிலிருந்து ஹோசே லூயிஸ் கார்சியின் 'கோர்ஸ் கம்ப்ளீட்டட்', நார்வேயின் 'பாத்ஃபைண்டர்'. கார்சி 1982ஆம் ஆண்டுக்கான விருதை முன்பே வாங்கியவர், அவரை நீக்கலாம் என்று சொல்வது டேவிஸுக்குச் செய்த அதே கடன் கணக்கைத் தலைகீழாகப் போடுவது. பெயரே கேள்விப்படாத 'பாத்ஃபைண்டரை' நீக்கலாம் என்று சொல்வது அதைவிட மோசம். நில்ஸ் காவுப் இயக்கிய அது, வடதுருவப் பகுதியில் வாழும் சாமி மக்களின் மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். அந்த மொழியைப் பேசுவோர் சில பத்தாயிரம் பேரே. 'நாயகனு'க்காக வாதாட வருபவர் முதலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.