தேயிலையில் இருக்கும் சீனமும் கூலியில் இருக்கும் தமிழும்

தேயிலை என்னும் சொல்லில் பாதி சீனம், பாதி தமிழ். 'இலை' நம்முடையது. 'தே' சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியன் மாகாணத்து மக்களின் உச்சரிப்பு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வரும் நம் மக்கள், ஒரு சீன எழுத்தின் ஒலியை நாள்தோறும் வாயில் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தைப் பற்றியும், அதற்கு ஈடாகத் தமிழிலிருந்து சீனத்துக்குப் போன ஒரு சொல்லைப் பற்றியும் சிறிது எழுதலாம் என்று தோன்றியது.

சீனத்தில் தேயிலைக்கு எழுத்து ஒன்றுதான். ஒலிதான் இடத்துக்கு இடம் மாறும். வடக்கே பெய்ஜிங்கிலும் தெற்கே கன்டோனிலும் அதைச் 'சா' என்று வாசிப்பர். ஃபூஜியன் கரையில் அதே எழுத்தைத் 'தே' என்பர். எந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றினார்களோ அந்தத் துறைமுகத்தின் ஒலி உலகெங்கும் போயிற்று. நிலவழியாகப் பாரசீகம் சென்றது 'சாய்' ஆயிற்று. மக்காவோவில் இருந்த போர்த்துக்கேயர் 'சா' என்றே எடுத்துக்கொண்டனர். ஃபூஜியன் வணிகரோடு பழகிய ஒல்லாந்தர் 'தே' என்றனர்; ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் அவ்வழியே வந்தவை.

தமிழுக்கு அது எவ்வழியாக வந்தது? 'டீ' ஆங்கிலத்தின் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்து 'ட'கரம் தமிழில் 'ட'வாகத்தான் விழும்: டிக்கெட், டிப்போ, டிராம். ஆனால் தேயிலையில் இருப்பது மெல்லிய 'த'. சிங்களத்திலும் அப்படியே 'தே'. ஆங்கிலேயர் வருவதற்கு முன் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டவர்கள் ஒல்லாந்தர். ஆகவே தேயிலையின் முதற்பாதி ஆங்கிலேயனின் வாயிலிருந்து வந்ததன்று என்பது என் கணிப்பு. மலையாளிகள் இன்னும் சுவையானவர்கள். அவர்களுக்கு இலை 'தேயில', குடிப்பதோ 'சாயா'. கடல்வழி வந்த ஒலியும் நிலவழி வந்த ஒலியும் அங்கே ஒரே அடுப்பங்கரையில் இருக்கின்றன.

சீன எழுத்தும் தமிழ் எழுத்தும் இலங்கையில் சந்தித்தது தேயிலைக்கு வெகுகாலம் முன்னரே. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுவிய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. அதில் பொறித்த ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்குச் சொல்கிறது. ஒரே கல்லில் அருகருகே இருந்தும், ஒரு பகுதியின் வாசகம் மறுபகுதியின் மொழிபெயர்ப்பு அன்று.

இனி அந்த எழுத்துக்கு வருவோம். சீன எழுத்துகளில் மரம் என்பதே முதற்பாடங்களில் ஒன்று. நட்ட ஒரு கோடு அடிமரம். குறுக்கே ஒரு கோடு கிளை. கீழே இருபுறமும் சரியும் இரு கோடுகள் வேர். ஒலி 'மூ'. கன்டோனியத்தில் 'முக்', ஜப்பானியத்தில் 'மொக்கு' என்றும் 'கி' என்றும் வரும். இரண்டு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தோப்பு. அதை 'லின்' என்பர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் வாசகர்களுக்கு 'லிம்' என்ற குடும்பப் பெயருடைய நண்பர் ஒருவராவது இருப்பார். லின், லாம், லிம் மூன்றும் அந்த இரட்டை மரந்தான். ஊருக்கு ஊர் ஒலி வேறு. மூன்று மரங்களைக் குவித்தால் அடர்ந்த காடு, அது 'சென்'.

மரத்தின் அடியில் ஒரு சிறு கோடு இழுத்தால் வேர், மூலம் என்று பொருள். உச்சியில் நீண்ட கோடு இழுத்தால் நுனி, முடிவு. நமக்கு அடி, முடி என்றால் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். அவர்களுக்கு ஒரு மரமே போதும். மரத்தருகே ஒரு மனிதனை நிறுத்தினால் 'சியு'. அதன் பொருள் ஓய்வு. நிழலில் சாய்ந்திருக்கும் ஆள். மலையகத்தில் முள்முருங்கையும் கிரவீலியாவும் தேயிலைக்கு நிழலாகத்தான் நடப்பட்டன. அந்த நிழலில் சாய்ந்திருக்கப் பறிப்பவளுக்கு நேரம் ஏது!

தேயிலை எழுத்தில் மூன்று அடுக்குகள். மேலே புல் அல்லது பூண்டைக் குறிக்கும் அடையாளம். கீழே மரம். நடுவில் கூரைபோல் சரியும் இரு கோடுகள். அவை மனிதனைக் குறிக்கும் எழுத்தைப் போலவே தோன்றும். ஆதலால் புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன் நிற்பதே தேயிலை என்று சீனர்கள் நயமாகச் சொல்வதுண்டு. எழுத்தின் வரலாறு அறிந்தவர்கள் இதை ஏற்பதில்லை. முற்காலத்தில் 'தூ' என்றொரு எழுத்து இருந்தது. கசப்பான கீரைவகை ஒன்றுக்கு அதுவே பெயர். கசப்பால்தானோ என்னவோ, தேயிலைக்கும் அதையே எழுதினர். பின்னர் தாங் அரசர் காலத்தில், அதாவது 8ஆம் நூற்றாண்டை ஒட்டி, அதில் ஒரே ஒரு கோட்டை நீக்கித் தேயிலைக்குத் தனி எழுத்தாக்கினர். அந்த ஒரு கோடு போன பிறகுதான் மனிதனும் மரமும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அதே நூற்றாண்டில் தேயிலைக்கென முதல் நூல் எழுதிய லூ யூ, இப்பெயரைச் சிலர் புல் அடையாளத்தோடும் சிலர் மர அடையாளத்தோடும் சிலர் இரண்டையும் சேர்த்தும் எழுதுவதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தச் செடி புல்லா மரமா என்ற தயக்கம் எழுத்திலேயே இருந்திருக்கிறது.

(இன்னொரு வேடிக்கை: இந்த எழுத்தின் கோடுகளை எண்களாகப் பிரித்தால் மேலே 20, கீழே 88, கூட்டினால் 108. ஜப்பானியர் 108ஆம் வயதைத் 'தேயிலை வயது' என்று கொண்டாடுவர். நமக்கு 108 என்றால் தேங்காயும் திருப்பதியும்!)

தாவரவியல் மரத்தின் பக்கம். தேயிலை இயல்பில் மரமே. வெட்டாமல் விட்டால் பல மீற்றர் உயரத்துக்கு வளரும். அதைப் பறிப்பவளின் இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் கிளைகளை அடியோடு வெட்டிவிடுவார்கள். வெட்டிய மிலாறு லயத்து அடுப்புக்குப் போகும். அந்த மிலாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்லின் வைரமன்று அது, மரத்தின் வைரம். சீன எழுத்தின் கீழ்ப்பாதி லயத்து அடுப்பில் எரிகிறது. மேற்பாதி லண்டனுக்குப் போயிற்று.

பேராதனைப் பூங்காவுக்குச் சீனத் தேயிலைச் செடி வந்தது 1824இல். புசல்லாவையில் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனச் செடிகளை நட்டனர். ஆயினும் அது கோப்பிக் காலம். தேயிலையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது 1867இல். இரண்டாண்டில் கோப்பி இலையில் நோய் கண்டது. அதன்பின் மலை முழுதும் தேயிலை. செடி பெரும்பாலும் அஸ்ஸாம் வகை. வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கடல் கடந்து காட்டுவழி நடந்து வந்தவர்கள். சீனத்திலிருந்து நிலைத்தது சொற்கள்தாம்.

தொழிற்சாலையில், மலையக வழக்கில் 'ஸ்டோரில்', அச்சொற்களை இன்றும் கேட்கலாம். நான் செய்தியாளனாக அங்கு சென்றுவந்த காலத்தில் தேயிலை மரப்பெட்டிகளில் போகும், பெட்டிமேல் பி.ஓ.பி. என்று கறுப்பு மையில் எழுதியிருக்கும். 'புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ'. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெக்கோ என்பது ஃபூஜியன் பேச்சில் 'வெண்ணிறப் பூமயிர்' என்று பொருள்படும் சொல். இளங்கொழுந்தின் பின்புறம் விரல் பட்டால் மெத்தென்றிருக்கும் அந்த மயிர்தான். மலையகப் பெண்ணின் விரல்நுனி அதை எந்த அகராதியைவிடவும் நன்கு அறியும். பெட்டியில் எழுதியிருந்தது அதுதான் என்று அவளுக்குச் சொல்வார் இல்லை. 'சூச்சொங்' என்றால் சிறு வகை. 'கொங்கு' என்றொரு பழைய தரம்; அதன் சீனப் பொருள் உழைப்பு, பாடுபட்டுச் செய்தது. சினிமா வழி நாம் அறிந்த 'குங்ஃபூ'வும் அதே சொல்தான்.

உழைப்பு என்றதும் மற்றைய சொல்லுக்கு வந்துவிட்டோம். கூலி. இதன் பிறப்பைக் குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரோடு இணைப்பாரும் உளர். தமிழ்க் கூலியே மூலம் என்பாரும் உளர்; இரண்டும் கலந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் கூலி என்பது ஊதியம். திருக்குறளிலும் அது உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பயனே. ஆளைக் குறிக்கத் தமிழன் கூலிக்காரர், கூலியாள் என்று ஒரு சொல் சேர்ப்பான். ஆங்கிலேயன் அந்த ஒட்டை வெட்டிவிட்டு, கொடுக்க வேண்டிய காசின் பெயரையே மனிதனுக்கு வைத்தான். சட்டத்திலும் அப்படியே எழுதினான். துரைமாருக்காக அச்சிட்ட மொழிக் கையேடு ஒன்றின் பெயரே 'கூலித் தமிழ்'. எழுதியவர் வெல்ஸ் என்பவர். தமிழ் செம்மொழியா என்று நாம் வாதாடுவதற்கு வெகுகாலம் முன் நம் மொழிக்கு இப்படியும் ஓர் அடைமொழி இருந்தது.

அச்சொல் கப்பலேறிச் சீனத்துக்கும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் கியூபாவுக்கும் பெருவுக்கும் ஒப்பந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட சீனர்களையும் ஐரோப்பியர் கூலிகள் என்றே அழைத்தனர். சீனர்கள் பிறமொழிச் சொல்லை ஒலிக்கு ஏற்ற எழுத்துகளால் எழுதுவர். கூடுமானால் பொருளும் பொருந்தும்படி தேர்வர். இதற்கு அவர்கள் தேர்ந்தவை 'கு', 'லி' என்னும் இரண்டு. முதலாவதன் பொருள் கசப்பு, துன்பம். அதன் தலையிலும் தேயிலைக்கு இருக்கும் அதே புல் அடையாளம். இரண்டாவதன் பொருள் வலிமை. கசந்த வலிமை! ஆங்கிலேயன் வசையாக்கியதைச் சீனன் இரண்டு எழுத்தில் உண்மையாக எழுதிவிட்டான். இதற்கு நிகரான பெயர்ப்பை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

மலையகம் அச்சொல்லை வாளாவிருந்து ஏற்கவில்லை. எம் தொழிலின் முன்னோடியான கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' ஏட்டில் தோட்டத்து நிலையை எழுதினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தார். கூலி போய்த் 'தொழிலாளி' வந்தது அத்தகையோரால். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கு 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று தலைப்பிட்டார். அதற்குள் 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டனர். எஞ்சியோர்க்கு முழுமையான சட்டத் தீர்வு 2003இல்தான் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டு 2021இல் வர்த்தமானியில் ஏறியது.

தோட்டத்து வழக்கில் அந்த நாட்சம்பளத்துக்கு வேறொரு சொல் உண்டு: 'பேர்'. கணக்கப்பிள்ளை செக்றோலில் பெயரைப் பதிந்தால் அன்றைய சம்பளம் உண்டு என்பதால் வந்த வழக்கு. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து வந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர்.