இரவை இழந்த உயிர்ப்பு விழா



“பாஸ்கா திருவிழிப்பை மாலை ஆறு மணிக்கே வைத்துவிடக் கூடாதா, சாமி? பதினொரு மணிக்குள் பிள்ளைகள் தூங்கிப் போகிறார்கள்” என்று சென்ற ஞாயிறன்று ஒரு தாய் கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் ஆறு மணிக்கு வெளிச்சம் போயிருக்காதே! இப்படி நேரத்தை முன்னே முன்னே தள்ளித்தான் திருஅவை ஒருமுறை அந்த இரவையே இழந்தது. திரும்பப் பெற ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின. இரவோடு சேர்ந்து வேறொன்றும் நம் கையைவிட்டுப் போனது. அதனால்தான் இந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கி.பி. 200ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் தம் மனைவிக்கு அறிவுரையாக ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவப் பெண் வேற்றுச் சமயத்தவரை மணந்தால் என்னென்ன இடர் வரும் என்று அதில் அடுக்கிக்கொண்டே போகிறார். பாஸ்கா அன்று மனைவி இரவு முழுவதும் வீட்டில் இல்லாமல் போனால் எந்தக் கணவன் கலங்காமல் இருப்பான் என்பதும் அவற்றுள் ஒன்று. வீட்டுச் சண்டையைப் பற்றிய பேச்சுதான். ஆனாலும் அதிலிருந்து நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது: அக்காலக் கிறிஸ்தவர்கள் அந்த இரவு முழுவதும் விழித்திருந்தார்கள்.

விழித்திருந்து என்ன செய்தார்கள்? இறைவாக்கு கேட்டார்கள், செபித்தார்கள், திருமுழுக்குக் கொடுத்தார்கள். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக இருந்த புனித சிரிலின் பெயரால் வழங்கும் மறையுரைகள் இதைக் கண்முன் நிறுத்துகின்றன. திருமுழுக்குப் பெற வந்தவர்கள் முதலில் மேற்கு நோக்கி நின்று சாத்தானை விட்டுவிட்டதாக அறிக்கையிட்டார்கள். மேற்கு இருளின் திசை. பிறகு கிழக்கே திரும்பி நம்பிக்கையை அறிக்கையிட்டார்கள். மும்முறை தண்ணீரில் மூழ்கி எழுந்தார்கள். அது ஆண்டவர் கல்லறையில் இருந்த மூன்று நாள்களின் அடையாளம். அந்தத் தண்ணீர் அவர்களுக்குக் கல்லறையாகவும் இருந்தது, பெற்றெடுத்த தாயாகவும் இருந்தது என்று அம்மறையுரை விளக்குகிறது.

387ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார் 32 வயது அகுஸ்தீன். அவருடைய மகன் அதேயோதாத்துசும் நண்பர் அலிப்பியுசும் உடன் இருந்தார்கள். பல ஆண்டுகள் மகனுக்காகக் கண்ணீர் சிந்திய மோனிக்காவும் அப்போது மிலானில்தான் இருந்தார். அந்தத் திருமுழுக்குத் தொட்டியின் எஞ்சிய பகுதியை மிலான் பேராலயத்தின் அடியில் இன்றும் பார்க்கலாம். அதற்கு எட்டுப் பக்கங்கள். வாரத்துக்கு ஏழு நாள். ஆண்டவர் உயிர்த்தது ஏழுக்கும் அப்பால், எட்டாம் நாளில்.

அகுஸ்தீனுக்கு உயிர்ப்பு என்பது என்றோ நடந்து முடிந்த ஒரு செய்தி அல்ல என்பதைக் கவனியுங்கள். அவர் கிறிஸ்துவோடு அதற்குள் இறங்கினார், அவரோடு வெளியே வந்தார். திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டுப் புதுவாழ்வுக்கு எழுகிறோம் என்று பவுல் உரோமையருக்கு எழுதிய ஆறாம் அதிகாரத்தைத்தான் இன்றும் திருவிழிப்பில் வாசிக்கிறோம்.

பிறகு என்ன ஆயிற்று? பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவியது. பாஸ்கா இரவில் தொட்டிக்கு வர ஆளில்லை. விழிப்பு மாலைக்கும், பிறகு பிற்பகலுக்கும் நகர்ந்தது. 1566இல் திருத்தந்தை 5ஆம் பயஸ் நண்பகலுக்குப் பின் திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்று ஆணையிட்டார். அதன்பின் பெரிய சனி காலையே அதற்கு நேரமாகிவிட்டது. 1642இல் திருத்தந்தை 8ஆம் உர்பான் கடன் திருநாள்களைக் குறைத்தபோது புனித வாரத்தின் அந்த நாள்களும் வேலை நாள்களாயின. மக்கள் வேலைக்குப் போனார்கள். கோவிலில் குருவானவர், உபதேசியார், பீடச் சிறுவர்கள், பக்தியுள்ள சில பாட்டிமார் மட்டுமே. காலை வெயில் சன்னல் வழியே கொட்டிக்கொண்டிருக்க, எரிகிற பாஸ்கா திரியின் முன் நின்று ‘இரவு, இரவு’ என்று இலத்தீனில் பாஸ்கா புகழுரை பாடினார்கள்! உரோமை வழிபாட்டு முறையில் இருந்த நம் தமிழகப் பங்குகளுக்கும் இதே ஒழுங்குதான்.

கண்ணால் பார்க்க முடிந்ததை மக்கள் பற்றிக்கொண்டார்கள். சிலுவை, இறக்கப்பட்ட உடல், வியாகுலத் தாய் என்று எல்லாம் பெரிய வெள்ளியோடு நின்றது. மீட்பு என்றால் கல்வாரியில் தீர்க்கப்பட்ட கடன். உயிர்ப்போ அதற்குப் பின் வந்த நல்ல முடிவு. மக்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பழைய இறையியல் பாடநூல்களிலும் மீட்பைப் பற்றிய பகுதி சிலுவையோடு முடிந்துவிடும். உயிர்ப்பு வேறொரு பகுதியில், இயேசு இறைமகன் என்பதற்குச் சான்றாக வரும். நம் பாவங்களுக்காகக் கையளிக்கப்பட்டவர் நம்மை ஏற்புடையோராக்கவே உயிர்த்தெழுந்தார் என்று பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தும் இந்தக் கதி. 1950இல்தான் துர்வெல் என்ற பிரெஞ்சுக் குரு, இயேசுவின் உயிர்ப்பும் மீட்பின் மறைபொருளே என்று ஒரு முழு நூல் எழுதினார்.

அடுத்த ஆண்டே, 1951 பிப்ரவரியில், திருவிழிப்பை மீண்டும் இரவில் கொண்டாடத் திருத்தந்தை 12ஆம் பயஸ் சோதனை முறையில் அனுமதித்தார். 1955 நவம்பரில் வந்த ஆணை 1956 முதல் அதை எல்லாருக்கும் உரியதாக்கியது. நண்பகலோடு முடிந்துவந்த பெரிய சனி நோன்பும் நள்ளிரவுவரை நீண்டது. இந்தச் சீர்திருத்தத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இன்னொன்று. பழைய சடங்கில் இல்லாத திருமுழுக்கு வாக்குறுதிப் புதுப்பித்தல் புதிதாகச் சேர்ந்தது. அதை மக்களின் தாய்மொழியிலேயே செய்யலாம் என்றும் அனுமதி கிடைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே! மற்றதெல்லாம் இலத்தீன், சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொல்வது மட்டும் அவரவர் வீட்டு மொழி.

இன்றைய ஒழுங்கில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவற்றைக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடவே கூடாது. குருக்களாகிய நாங்களும் நேரத்துக்கு அஞ்சி மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். இந்த ஆண்டு நம் பங்கில் ஏழும் உண்டு.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். அம்மா, திருவிழிப்பு பதினொரு மணிக்கே தொடங்கும். பிள்ளைகள் தூங்கினால் மடியில் கிடக்கட்டும். திருமுழுக்குத் தண்ணீர் தெளிக்க நான் உங்கள் பக்கம் வரும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள்.