ஏணிப்படியும் அட்டையும்

எங்கள் ஊர் பாகாலா ஒரு ரயில்வே ஜங்ஷன். காட்பாடி - திருப்பதி பாதையிலிருந்து தர்மாவரம் பாதை பிரிவது இங்கேதான். அந்தப் பாதையில் போனால் மதனப்பள்ளி ரோடு வரும். அந்தப் பக்கத்தில்தான் ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி பள்ளி, பெரிய இடத்துப் பிள்ளைகள் படிப்பது என்பதோடு ஊரில் பேச்சு முடிந்துவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையே ஒரு காலத்தில் மாற்றிப்போட்ட யோசனை அங்கிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா பெண். கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். சமீபத்தில் ஒரு மாநாட்டில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் பள்ளிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தாள். பதினைந்து நிமிடப் பேச்சு. முதல் கேள்வியே "இதற்கு எந்த அறிஞரின் கோட்பாடு ஆதாரம்?" என்பதாம். துபாயில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "மாமா, இதெல்லாம் வாத்தியார்கள் வகுப்பில் செய்து பார்த்து உருவாக்கினது. அவங்க பேரை எந்த அடிக்குறிப்பில் போடறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. நடந்ததைப் பாருங்கள்.

1980களின் பிற்பகுதியில் ராமா, பத்மநாப ராவ் தம்பதியர் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஒரு அறை, ஒரு ஆசிரியர், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போய் ஒரு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும். எனவே பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளின் வரிசை ஏணிப்படி மாதிரி சுவரில் இருக்கும். பிள்ளை தான் விட்ட படியைப் பார்த்து, அட்டையைத் தானே எடுத்து, அங்கிருந்து தொடரும்.

காமர்ஸ் படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. வகுப்புச் சராசரி என்பது ஒரு கிளையின் மொத்த டெபாசிட் மாதிரி. யார் கணக்கில் எவ்வளவு என்று சொல்லாது. ஏணிப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பாஸ்புக்.

கொலம்பியாவிலும் 1970களில் கிராமப் பள்ளிகளின் இதே சிக்கலுக்கு 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறை பிறந்தது. அங்கேயும் பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகங்களை வைத்துத் தம் வேகத்தில் படித்தார்கள்.

2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியில் ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள். 2007-08ல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது, பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை வந்தது. "வீட்டுப்பாடம் எங்கே, பரீட்சை எங்கே?" என்று பெற்றோர் கேட்டதும் உண்டு. ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த முறையை ஆராய்ந்து எழுதினார்கள். 2022ல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வகுப்பறை, பிறகு அரசாணை, அதற்குப் பிறகு ஆய்வுக் கட்டுரை. மாநாட்டில் மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது.

அக்கா பெண்ணிடம் சொன்னேன்: சம்மதிக்கிற ஆசிரியர்களின் பெயரை அடிக்குறிப்பில் வேண்டாம், கட்டுரையின் உள்ளேயே போடு. அச்சான பிறகு அந்தப் பள்ளிகளுக்கே போய்த் தெலுங்கில் வாசித்துக் காட்டு. அவர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.

2003லிருந்து அட்டை தயாரித்த, பயிற்சி எடுத்த ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அவளுக்கு அனுப்பி வைக்கிறேன்.